லூக்கா மறைத்த கை

லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் சின்னத் தந்திரம் ஒன்று இருக்கிறது. ஏரோது அந்திப்பா யோவான் ஸ்நானகனைப் பிடித்துச் சிறையில் அடைத்தான் என்று எழுதி முடித்த கையோடு, மக்கள் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றபோது இயேசுவும் பெற்றார், வானம் திறந்தது என்று லூக்கா தொடர்கிறார். கொடுத்தவர் யார் என்ற பேச்சே இல்லை. கொடுக்க வேண்டியவர் முந்தின வரியிலேயே சிறைக்குள் போய்விட்டார். வேகமாக வாசித்துப் போகிறவர் கண்ணில் இது படாது. என் கண்ணிலும் பல வருஷம் படவில்லை.

நான்கு நற்செய்திகளிலும் இந்தக் காட்சியை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மாற்குதான் காலத்தால் முந்தியவர், கி.பி. 70ஐ ஒட்டி எழுதியிருப்பார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. அவர் சுற்றி வளைக்கவில்லை. இயேசு நாசரேத்திலிருந்து வந்தார், யோர்தான் ஆற்றில் யோவான் கையால் ஞானஸ்நானம் பெற்றார், அவ்வளவுதான். அது பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானம் என்று சில வரிகளுக்கு முன்னால் அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் இயேசுவுக்கு என்ன பாவம்? மத்தேயுவுக்கு இது தொண்டையில் முள்ளாகச் சிக்குகிறது. அவர் ஓர் உரையாடலைச் சேர்க்கிறார்: யோவான் தயங்கி மறுக்க, இயேசு வற்புறுத்த, பிறகுதான் சடங்கு நடக்கிறது. லூக்கா செய்தது மேலே சொன்னது. கடைசியாக வந்த நான்காம் நற்செய்தியில் ஞானஸ்நானக் காட்சியே கிடையாது. ஆவி புறாவைப் போல் இறங்கியதைக் கண்டேன் என்று சாட்சி சொல்வது மட்டுமே அங்கே யோவானின் வேலை.

முழுக்கியவர் பெரியவரா, முழுகியவர் பெரியவரா என்ற வழக்கு அன்று உயிரோடு இருந்திருக்கிறது. எபேசுவில் பவுல் சந்தித்த சீடர்கள் சிலர் யோவானின் ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்தவர்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஈராக்கின் தென்பகுதி மாண்டேயர்கள் இன்றும் யோவானைத் தங்கள் ஆசானாகக் கொள்கிறார்கள், இயேசுவை ஏற்பதில்லை. இப்படிப்பட்ட போட்டி இருக்கும்போது, நம் ஆள் அவர்கள் ஆளிடம் போய்த் தலை குனிந்து நின்றார் என்று யாராவது புதிதாகக் கதை கட்டுவார்களா? கட்டமாட்டார்கள். நடந்தது, ஊருக்குத் தெரிந்தது, மறைக்க முடியவில்லை. அதனால்தான் இத்தனை நெளிவு.

எழுதியவருக்கே சங்கடம் தரும் செய்தி அவர் புனைந்ததாக இருக்க வாய்ப்பில்லை என்பதை ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலாகவே கையாளுகிறார்கள். குறை இல்லாத கோல் என்று சொல்ல மாட்டேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஒருவர் எதற்குக் கூசினார் என்று நமக்கு எப்படித் தெரியும்? மாற்கு கூசியதாகவே தெரியவில்லையே. ஆனால் பின்னால் வந்த மூவரும் ஒரே இடத்தில் கால் இடறுவது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வரலாற்று இயேசுவைத் தேடிப் போனவர்களைப் பற்றி ஓர் உவமை உண்டு. ஆழக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, அடியில் தெரிந்த தம் முகத்தையே இயேசு என்று எண்ணிக்கொண்டார்கள் என்ற கருத்தில் 1909இல் ஜார்ஜ் டிரெல் எழுதினார். அவர் குறி வைத்தது ஜெர்மன் இறையியலாளர் ஹார்னாக்கை. பிறகு எல்லோர் மீதும் எறிந்து எறிந்து அந்த உவமை வழவழப்பாகிவிட்டது. கிணற்றில் எதைக் கண்டார்கள் என்பதைவிட, எதைக் கண்டு முகம் திருப்பினார்கள் என்பதே என்னை இழுக்கிறது. நற்செய்தியாளர்கள் மேல் வைக்கும் சங்கடக் கோலை ஆய்வாளர்கள் மேலும் வைத்துப் பார்த்தால் என்ன?

முதலில் நிற்கிறவர் ஹெர்மன் சாமுவேல் ரெய்மாருஸ். ஹாம்பர்க் நகரில் கீழைமொழிகள் கற்பித்த பேராசிரியர், ஊருக்கு நல்ல கிறிஸ்தவர். நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் காட்டாமல் ஒரு பெரிய கைப்பிரதியை எழுதி வைத்துவிட்டு 1768இல் இறந்துபோனார். வோல்ஃபன்பூட்டல் நூலகத்தின் காப்பாளராக இருந்த லெஸ்ஸிங், நூலகத்தில் கண்டெடுத்தது போலப் பாவனை செய்து, ஆசிரியர் பெயர் இல்லாமல், 1774 முதல் அதைத் துண்டு துண்டாக வெளியிட்டார். 1778இல் வந்த துண்டுதான் இடி. அதன்படி, உரோமை ஆட்சியை நீக்கி யூதர்களுக்கு இந்த மண்ணில் ஓர் அரசை அமைக்க முயன்றவர் இயேசு. முயற்சி சிலுவையில் முடிந்தது. மறுபடி வலை வீச மனமில்லாத சீடர்கள் உடலைத் திருடி மறைத்து, உலகின் பாவத்தைச் சுமந்த மீட்பர் என்ற புதுக்கதையைக் கட்டினார்கள். கூச்சல் எழுந்தது. லெஸ்ஸிங்குக்குத் தணிக்கையிலிருந்து தரப்பட்டிருந்த விலக்கைப் பிரபு பறித்துக்கொண்டார். லெஸ்ஸிங் நாடகத்துக்குத் திரும்பி ‘ஞானி நாத்தானை’ எழுதினார். மறுத்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஹாலே பல்கலைக்கழகத்தின் செம்லர். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்த அதே ஹாலேதான்.

ரெய்மாருஸின் கலகக்கார இயேசு சாகவில்லை. எஸ்.ஜி.எஃப். பிராண்டன் 1967இல் அவரை மறுபடி எழுப்பினார், ரெசா அஸ்லான் 2013இல் பெருவாசகரிடம் கொண்டுபோனார். சான்று இல்லாமல் இல்லை. சிலுவையின் மேல் தொங்கிய குற்றப்பலகை அரசன் என்கிறது. இருபுறமும் அறையப்பட்டவர்களுக்கு மாற்கு இடும் கிரேக்கப் பெயர், யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு ஆயுதமேந்திய கலகக்காரர்களுக்குப் பயன்படுத்துவது. ஆனால் பவுலா ஃப்ரெட்ரிக்ஸன் எழுப்பிய கேள்விக்கு இந்தக் கட்சியிடம் நல்ல பதிலை நான் பார்க்கவில்லை. ஆயுதக் கூட்டம் என்றால் தலைவனை மட்டும் அறைந்துவிட்டு, கூட்டத்தை அதே எருசலேமில் பல ஆண்டுகள் பேசித் திரிய பிலாத்து ஏன் விட்டான்?

ரெய்மாருஸ் முகம் திருப்பிய இடம் வேறு. ஒருவர் பொய் சொல்லாமலே நடக்காத ஒன்றை நடந்ததாக நம்ப முடியும் என்பது அந்த அறிவொளிக்கால மூளைக்கு எட்டவில்லை. அதிசயம் நடந்திருக்க வேண்டும், அல்லது யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும். மூன்றாவது வழியைத் திறந்தவர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ராவுஸ். 1835இல் ‘இயேசுவின் வாழ்க்கை’யின் முதல் பாகம் வந்தபோது அவருக்கு 27 வயது. அற்புதக் கதைகள் மோசடியல்ல, பழைய வேதங்களில் ஊறிய ஒரு சமூகம் தன்னையறியாமல் நெய்த தொன்மங்கள் என்றார். டூபிங்கனில் வேலை போனது. 1839இல் சூரிக் பல்கலைக்கழகம் அழைத்தது, ஊர் கொதித்தது. ஒரு வகுப்புக்கூட எடுக்காமல் ஓய்வூதியம் வாங்கிய பேராசிரியர் அவர். ஆங்கிலத்தில் அந்த நூலை மொழிபெயர்த்த இளம்பெண்தான் பின்னாளில் ஜார்ஜ் எலியட் என்ற பெயரில் நாவல்கள் எழுதியவர்.

ரெனானிடம் சற்று நிற்க வேண்டும். எர்னஸ்ட் ரெனான் 1860இல் அகழாய்வுக்காக லெபனான் போனார். கூடப் போன அக்காள் ஆன்ரியெத் 1861இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். தானும் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த ரெனான் அக்காளின் கடைசி நேரத்தில் கண்விழித்திருக்கவில்லை. 1863இல் வெளிவந்த ‘இயேசுவின் வாழ்க்கை’ அந்த அக்காளுக்குத்தான் சமர்ப்பணம். துக்கத்தில் நனைந்த புத்தகம். அதனால்தானோ என்னவோ, அதில் வரும் கலிலேயா பச்சைப் பசேலென்று நித்திய வசந்தமாக இருக்கிறது. எருசலேமோ வறண்டு கறுத்துக் கிடக்கிறது. இயேசு ஒப்பற்ற மனிதர் என்று முதல் விரிவுரையில் சொன்னதற்காகவே அவருடைய வகுப்பை அரசு நிறுத்தியது. பாதிரியார்களுக்குக் கோபம் ‘மனிதர்’ என்ற சொல்மேல். எனக்கு உறுத்துவது வேறு. ரெனானுக்கு இயேசுவின் யூதத்தனம் பிடிக்கவில்லை. கலிலேயாவில் பல இனங்கள் கலந்திருந்தன, இயேசுவின் நரம்பில் என்ன இரத்தம் ஓடியது என்று சொல்ல முடியாது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்.

போகிறபோக்கில் விழுந்த விதை. 1939இல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில், சபையின் வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை அகற்றுவதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. கல்வி இயக்குநர் வால்டர் க்ரூண்ட்மான், புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். இயேசு கலிலேயர், ஆகவே பெரும்பாலும் யூதர் அல்லர் என்று 1940இல் புத்தகமே எழுதினார். யூத அடையாளங்களைக் களைந்த புதிய ஏற்பாடு ஒன்றை அந்த நிறுவனம் அச்சிட்டது. போர் முடிந்த பிறகு அவர் கிழக்கு ஜெர்மனியில் சபைப் பணியில் தொடர்ந்தார். அவருடைய நற்செய்தி விளக்கவுரைகள் மாணவர் கைகளில் புழங்கின. இதற்கு நடுவில் மண் வேறு கதை சொன்னது. கலிலேயாவைத் தோண்டத் தோண்டத் தீட்டு ஒட்டாத கல் பாத்திரங்கள், சடங்குக் குளியல் தொட்டிகள் கிடைத்தன; குப்பையில் பன்றி எலும்பு கிடைப்பது அரிது. எருசலேமில் கிடைப்பதும் இதுதான்.

க்ரூண்ட்மானுக்குப் பதில் வேறொரு வாழ்க்கையிலிருந்து வந்தது. கேசா வெர்மெஷ் 1924இல் ஹங்கேரியில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். குடும்பத்தோடு கத்தோலிக்கரானார். மதம் மாறியது பெற்றோரைக் காப்பாற்றவில்லை. 1944இல் நாஜிகளின் கொலையில் மறைந்தார்கள். மகன் குருவானார், சாக்கடல் சுருள்களில் மூழ்கினார், 1957இல் குருத்துவத்தை விட்டார், பிறகு யூத அடையாளத்துக்குத் திரும்பினார். 1973இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பு ‘யூதர் இயேசு’. இன்று சாதாரணமாகத் தெரியும் தலைப்பு, அன்று அது ஓர் அறைகூவல். கலிலேயாவின் பக்தியாளர் மரபில் இயேசுவை அவர் வைத்தார். தூரத்தில் இருந்தே பிரார்த்தனையால் நோய் தீர்த்த ஹனினா பென் தோசா. தரையில் வட்டம் போட்டு உள்ளே நின்று, மழை பெய்யாமல் நகரமாட்டேன் என்று கடவுளிடம் அடம்பிடித்த ஹோனி. பெய்த தூறலைப் பார்த்து இது போதாது என்றவர். செல்லப்பிள்ளை தகப்பனிடம் பேசுவது போலப் பேசுகிறானே என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இப்படிப்பட்ட ஆட்களுக்கு நடுவில் கடவுளை அப்பா என்று அழைத்த ஒரு நாசரேத்துக்காரர் பொருந்திப் போகிறார். ஹனினாவைப் பற்றிய சான்றுகள் காலத்தால் மிகப் பிந்தியவை என்ற குறை உண்மைதான். ஆனாலும் வெர்மெஷ் பக்கங்களில் நடமாடும் இயேசுவுக்கு ஊர் இருக்கிறது, ஒரு மரபு இருக்கிறது. ரெனானின் இயேசுவுக்கு நிலக்காட்சி மட்டும்தான்.

ஊர் என்றதும் நாசரேத். நமக்கு நாசரேத் என்றால் திருநெல்வேலி-திருச்செந்தூர் இரயில் பாதையில் ஒரு நிலையம். மூல நாசரேத்துக்கு அந்தப் பெருமையும் இல்லை. பழைய ஏற்பாட்டில் இல்லை, யோசேப்பு எழுதியவற்றில் இல்லை, தல்மூதிலும் இல்லை. அப்படி ஓர் ஊரே அன்று இருக்கவில்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. 2009இல் இயேசு காலத்து வீடு ஒன்றின் எச்சத்தை அங்கே தோண்டியெடுத்ததாக இஸ்ரேல் தொல்லியல் துறை அறிவித்தது. இயேசு என்பவரே கற்பனை என்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது இந்த ஊரைப் பற்றித்தான். தீர்க்கதரிசனம் கேட்டது பெத்லகேமை. அங்கே பிறந்தார் என்று காட்ட மத்தேயு ஒரு வழியில் கஷ்டப்படுகிறார். லூக்கா ஒரு குடிக்கணக்கைக் கொண்டுவருகிறார். அந்தக் கணக்கு நடந்தது கி.பி. 6இல், அவர் அதோடு முடிச்சுப் போடும் பெரிய ஏரோது இறந்ததோ கி.மு. 4இல். கற்பனை மனிதருக்கு ஊர் வைப்பவன் நேராகப் பெத்லகேமை வைத்துவிட்டுப் போயிருப்பானே. யாருக்கும் பயன்படாத நாசரேத்தைச் சுமந்துகொண்டு ஏன் அல்லாட வேண்டும்?

இயேசு வாழவேயில்லை என்ற கட்சி பழையது. புரூனோ பவுர் அதை நோக்கிப் போனார். அவருக்கு 1842இல் பான் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமை பறிபோனது. ஆர்தர் ட்ரெவ்ஸ் 1909இல் ‘கிறிஸ்து தொன்மம்’ எழுதி ஜெர்மனியின் மண்டபங்களை நிரப்பினார். நம் காலத்தில் ரிச்சர்ட் கேரியர் 2014இல் நிகழ்தகவுக் கணக்குப் போட்டுப் பெரும் நூல் எழுதினார். யோசேப்பின் நூலில் இயேசுவைப் பற்றிய நீண்ட பத்தியில் கிறிஸ்தவர் கைவைத்திருக்கிறார்கள் என்பதில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை. ஆனால் அதே நூலின் இருபதாம் பகுதியில், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு தண்டிக்கப்பட்ட செய்தி போகிறபோக்கில் வருகிறது. பவுலும் தாம் எருசலேம் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியதாகவும், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைப் பார்த்ததாகவும் கலாத்தியருக்கு எழுதுகிறார். அதுவும் பெருமையாக அல்ல. அவர்களிடம் தாம் எதையும் கற்கவில்லை என்று நிலைநாட்டும் பதற்றத்தில். சகோதரர் என்பது ஞானஸ்நானம் பெற்ற எவருக்கும் உரிய பட்டம் என்கிறார் கேரியர். மரியாளின் கன்னிமையைக் காக்க அவர் ஒன்றுவிட்ட சகோதரர் என்றது திருச்சபை. நாத்திகரும் திருச்சபையும் ஒருசேரச் சங்கடப்படும் அந்த யாக்கோபு மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

காஷ்மீர்க் கதைகளையும் காளான் கதையையும் நீட்டிச் சொல்லத் தேவையில்லை. இயேசு இந்தியாவில் படித்ததாக லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் சுவடி கண்டேன் என்று நிக்கலாய் நோட்டோவிச் 1894இல் அறிவித்தார். அடுத்த ஆண்டே ஆக்ராவிலிருந்து ஒரு பேராசிரியர் மடத்துக்குப் போய்க் கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்றார் தலைமை லாமா. சாக்கடல் சுருள்களில் வேலை செய்த ஜான் அலெக்ரோ 1970இல், கிறிஸ்தவமே ஒரு மயக்கக் காளான் வழிபாட்டின் குறியீட்டு மொழி என்று எழுதித் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டார். இந்தக் கதைகள் எதிலும் சங்கடம் கிடையாது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகின்றன. எனக்குச் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது.

பெரிய சங்கடத்துக்கு வருகிறேன். உலக முடிவு.

இங்கே நிற்கிறவர்களில் சிலர் சாவதற்கு முன் கடவுளின் ஆட்சி வரும் என்று இயேசு சொன்னதாக மாற்கு எழுதிவிட்டார். வரவில்லை. கி.பி. 50 வாக்கில் தெசலோனிக்கேயருக்கு எழுதும் பவுல், ஆண்டவர் வரும்போது உயிரோடு இருக்கப்போகிறவர்களில் தம்மையும் சேர்த்துக்கொள்கிறார். அவரும் போய்ச் சேர்ந்தார். நான்காம் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் ஒரு வதந்தியை மறுக்க வேண்டியிருக்கிறது: அன்புச் சீடர் சாகமாட்டார் என்று இயேசு சொல்லவில்லை, அப்படியிருந்தால் உனக்கென்ன என்றுதான் கேட்டார் என்று. அந்த மறுப்புக்குப் பின்னால் ஒரு முதியவரின் மரணம் இருக்கிறது. கடைசிச் சாட்சியும் கண்மூடியபோது அந்தச் சபையில் நிலவிய மௌனத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பேதுரு பெயரில் வந்த இரண்டாம் கடிதம், கடவுளுக்கு ஒருநாள் என்பது ஆயிரம் ஆண்டு போல என்று கணக்கை மாற்றியது.

இந்தச் சங்கடத்தை நேருக்கு நேர் பார்த்தவர் ஆல்பர்ட் ஷ்வைட்ஸர். ரெய்மாருஸிலிருந்து தன் காலம் வரை வந்த இயேசு வரலாறுகளை 1906இல் ஒரே நூலில் வரிசையாக நிறுத்தினார். அவர் கண்ட இயேசு முடிவு வந்தேவிட்டது என்று நம்பியவர், அதை இழுத்து வரத் தன்னையே கொடுத்தவர், ஏமாந்தவர். அப்படிப்பட்டவர் மனநோயாளியா என்று அன்றைய மருத்துவர் சிலர் எழுதியதை ஆராய்ந்து மறுத்ததுதான் 1913இல் ஷ்வைட்ஸர் அளித்த மருத்துவப் பட்ட ஆய்வு. வீட்டாரே புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணி இயேசுவைப் பிடித்துப்போக வந்ததை மாற்கு எழுதியிருக்கிறார். மத்தேயுவும் லூக்காவும் அந்த வரியை விட்டுவிட்டார்கள். பட்டம் வாங்கிய அதே ஆண்டில் ஷ்வைட்ஸர் மருத்துவராக ஆப்பிரிக்காவின் லம்பரேனேவுக்குக் கப்பல் ஏறினார்.

அமெரிக்காவில் 1985இல் ராபர்ட் ஃபங்க் கூட்டிய ‘இயேசு கருத்தரங்கு’ வேறு வழி கண்டது. அறிஞர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வாசகத்துக்கும் மணி போட்டு வாக்களித்தார்கள். சிவப்பு என்றால் இயேசு சொன்னதே, இளஞ்சிவப்பு என்றால் அதற்கு நெருக்கம், சாம்பல் என்றால் ஐயம், கறுப்பு என்றால் இல்லை. 1993இல் முடிவு வெளிவந்தது. சிவப்பும் இளஞ்சிவப்பும் சேர்ந்து 18 சதவீதம். புளித்த மாவு உவமையும் நல்ல சமாரியனும் சிவப்பு. உலக முடிவு கறுப்பு. மிச்சம் வந்தவர் நாடோடியாகத் திரிந்து மிடுக்காகப் பேசும் ஒரு ஞானி. அந்த வட்டத்தின் ஜான் டொமினிக் கிராஸன் மிகுந்த திறமையோடு அவரை ஒரு மத்தியதரைக் கடல் விவசாயச் சமூகத்தில் பொருத்தினார். நாசரேத்திலிருந்து ஆறே கிலோமீட்டரில் செப்போரிஸ் நகரை ஏரோது அந்திப்பா கட்டிக்கொண்டிருந்தான்; தச்சன் என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல் மரவேலைக்கும் பொருந்தும், கட்டட வேலைக்கும் பொருந்தும். அந்தச் சொல்லிலும் சங்கடம்: மாற்குவில் தச்சன், மத்தேயுவில் தச்சனின் மகன், லூக்காவில் தொழிலே இல்லை.

மணிக் கணக்கை நான் ஏற்கவில்லை. காரணம் எளிது. இயேசுவுக்கு முன்னால் நிற்கும் யோவான் முடிவு நெருங்கிவிட்டது என்றவர். பின்னால் வரும் பவுலும் அப்படியே. குருவும் எரிந்தார், தொண்டரும் எரிந்தார், நடுவில் இருந்தவர் மட்டும் குளிர்ச்சியாக இருந்தார் என்பது எப்படி? ஈ.பி. சாண்டர்ஸும் டேல் அல்லிசனும் இதைத்தான் விதவிதமாகக் கேட்டார்கள். தவறிப்போன ஒருவரைக் கும்பிடுவது கடினம் என்பது புரிகிறது. பாராட்டுவதும் கடினம்தான் போலிருக்கிறது.

கடைசியில் சிலுவை. மரத்தில் தொங்கியவன் சபிக்கப்பட்டவன் என்பது யூதச் சட்டம். உரோமருக்கு அது அடிமைகளின் சாவு. இதை மட்டும் எவராலும் விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கி.மு. 4இல் பெரிய ஏரோது இறந்த பிறகு எழுந்த கலகத்தில் சிரியாவின் ஆளுநர் வாருஸ் 2000 பேரை அறைந்ததாக யோசேப்பு எழுதுகிறார். பின்னாளில் உரோமர் எருசலேமை முற்றுகையிட்டபோது மரமும் இடமும் போதவில்லை என்கிறார். இத்தனை ஆயிரம் பேரின் எலும்பில் எது மிஞ்சியது?

1968இல் எருசலேமின் வடக்கே கிவாத் ஹமிவ்தாரில் வீடு கட்டத் தோண்டியபோது ஒரு பாறைக் கல்லறை திறந்தது. உள்ளே சுண்ணாம்புக் கல்லால் ஆன எலும்புப் பேழைகள். ஒன்றில் யெஹோஹனான் என்று கீறியிருந்தது. இருபதுகளில் இருந்த ஆள். குதிகால் எலும்பில் 11 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள இரும்பு ஆணி. அறையப்பட்டவர்களுக்கு அடக்கம் கிடைத்தது, அப்படியானால் இயேசுவுக்கும் கிடைத்திருக்கும் என்றார்கள் ஒருசாரார். ஆயிரக்கணக்கானவர்களில் இந்த ஒரே ஒருவர்தானே கிடைத்தார், மற்றவர்களை நாயும் பருந்தும்தான் பார்த்துக்கொண்டன என்றார் கிராஸன். ஒரே எலும்பு, இரண்டு கட்சிக்கும் சாட்சி.

எலும்பை ஆராய்ந்தவர்கள் ஆணியின் முனையைக் கவனித்தார்கள். அடிக்கும்போது மரத்தின் கணுவில் பட்டிருக்க வேண்டும். முனை கொக்கி போல வளைந்திருந்தது. உடலை இறக்கியவர்கள் பிடுங்கிப் பார்த்திருப்பார்கள், வரவில்லை. அப்படியே எடுத்துப் போய்க் கிடத்தினார்கள். பின்னர் சதை போன பிறகு எலும்பைப் பொறுக்கிப் பேழையில் இட்ட உறவினர்களும் அதைக் கழற்றவில்லை. மற்றவர்களின் ஆணிகள் நேராக இருந்தன.